தூத்துக்குடித் துறைமுகம் டெல்லியிடம் எதைக் கேட்க வேண்டும்?

2021 பிப்ரவரியில் வந்த மத்திய பட்ஜெட் இறக்குமதிப் பஞ்சுக்கு வரி போட்டது. அடிப்படைச் சுங்கம் 5 விழுக்காடு, வேளாண் உள்கட்டமைப்பு என்ற பெயரில் இன்னொரு 5, இரண்டின் தலையிலும் சமூக நலக் கூடுதல் வரி. கூட்டினால் 11 விழுக்காடு. 2022 ஏப்ரலில் அதற்கு விலக்கு வந்தது, அக்டோபர் முடிந்ததும் வரி திரும்பியது. 2025 ஆகஸ்ட் 19 முதல் மறுபடி விலக்கு. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், அது முடியும் முன்பே டிசம்பர் 31 வரை என்றார்கள். தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருப்பவர் யாரும் இந்தத் தேதிகளை எழுதி வைத்திருக்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு தேதிக்கும் அவர் பணம் கட்டியிருக்கிறார். வெளிநாட்டுப் பஞ்சு தூத்துக்குடியில் இறங்குகிறது, ராஜபாளையம், திண்டுக்கல், கோவை ஆலைகளில் நூலாகிறது, அந்த நூல்தான் இந்த ஊர்த் தறிகளில் சேலையாகவும் துண்டாகவும் மாறுகிறது. 2022 மே மாதம் ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ பஞ்சு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது நூல் விலை வாரத்துக்கு ஒன்றாக இருந்தது. தறிகள் நின்றன.

சங்கரன்கோவிலுக்கும் கடலுக்கும் நடுவே சுமார் நூறு கிலோமீட்டர் கரிசல் இருக்கிறது. ஊருக்கும் துறைமுகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பலருக்குப் பதில் வராது. துறைமுகம் பற்றி வரும் செய்திகள் எல்லாம் தூத்துக்குடிச் செய்திகள்: அடிக்கல், கோடிகள், கப்பலின் நீளம். அந்தத் துறைமுகம் மத்திய அரசிடம் முதலில் எதைக் கேட்க வேண்டும், வணிகத்துக்கும் பயணிகளுக்கும் எது முன்னுரிமை என்ற கேள்வியைக் கடலுக்கு நூறு கிலோமீட்டர் உள்ளே இருந்து பார்த்தால் விடைகளின் வரிசை மாறிவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த வரிசையைப் பற்றியது.

முதலில் ஒரு சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் சியாட்டில் துறைமுகம் 1911இல் மக்கள் வாக்களித்து உருவாக்கிய அமைப்பு. கிங் கவுண்டி வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து ஆணையர்கள் அதை நடத்துகிறார்கள். கடல் துறைமுகத்தோடு அந்த நகரின் விமான நிலையமும் அதன் கையில்தான் இருக்கிறது. அதனால் வாஷிங்டனிடம் என்ன வேண்டும் என்று அந்தத் துறைமுகம் ஒரு பட்டியல் போடுகிறது: சுங்க அலுவலர் எண்ணிக்கை, வணிக ஒப்பந்தங்கள், சாலை ரயில் நிதி என்று. அதில் நெடுங்காலப் புகார் ஒன்று நமக்குப் பழகிய குரலில் இருக்கும். 1986இல் வந்த துறைமுகப் பராமரிப்பு வரி, சரக்கின் மதிப்பில் 0.125 விழுக்காடு, சியாட்டிலில் வசூலாகி வேறு துறைமுகங்களின் தூர்வாரலுக்குப் போகிறது. அந்த வரி இல்லாத கனடாத் துறைமுகங்களுக்குச் சரக்கு நழுவுகிறது. பக்கத்து நாட்டுத் துறைமுகத்துக்குச் சரக்கு நழுவுவது என்றால் என்ன என்று தூத்துக்குடிக்கு யாரும் விளக்க வேண்டாம்; அதற்குக் கொழும்பு இருக்கிறது.

ஆனால் சியாட்டில் மாதிரி தூத்துக்குடி பட்டியல் போட முடியாது. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில், மத்தியப் பட்டியலின் 27ஆம் இனம் பெருந்துறைமுகங்களையும் அவற்றின் ஆணையங்களையும் முழுதாக டெல்லியிடம் கொடுத்துவிட்டது. மற்ற சிறு துறைமுகங்கள் பொதுப் பட்டியலின் 31ஆம் இனம். வெளிநாட்டு வணிகமும் சுங்கவரியும் மத்தியப் பட்டியல்தான். தலைவரை நியமிப்பது மத்திய அரசு, கொள்கை விஷயத்தில் அது எழுத்தில் தரும் உத்தரவுக்கு வாரியம் கட்டுப்பட்டது. மகன் அப்பாவிடம் கேட்கலாம். கை தோளிடம் எப்படிக் கேட்கும்?

முன்பு கேட்பதற்குக் கொஞ்சம் இடம் இருந்தது. 1963ஆம் ஆண்டின் பெருந்துறைமுகப் பொறுப்புக் கழகச் சட்டத்தில் அறங்காவலர் குழு பெரியது. அரசுத் துறைகளோடு கப்பல் உரிமையாளர், பாய்மரக்கல உரிமையாளர், சரக்கு அனுப்புவோர் ஆகியோரின் நலன்களுக்கும் அதில் இடம் உண்டு. தோணிக்காரருக்கும் சட்டத்தில் ஒரு நாற்காலி இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 2021 நவம்பர் 3 அன்று நடைமுறைக்கு வந்த பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம் இந்தக் கூட்டத்தைச் சுருக்கியது. தலைவர், துணைத் தலைவர், மாநில அரசு, ரயில்வே, பாதுகாப்புத் துறை, சுங்கத் துறை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒருவர், மத்திய அரசு நியமிக்கும் அதிகாரி ஒருவர், தொழிலாளர் சார்பில் இருவர், சுயேச்சை உறுப்பினர்கள் இரண்டு முதல் நான்கு பேர். சுருக்கியதில் நியாயம் உண்டு. பெரிய குழுக்களில் முடிவுகள் இழுத்தன, சொந்த நலன் பேசியவர்களும் இருந்தார்கள். கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கும் உரிமையும் புதிய வாரியத்துக்குக் கிடைத்தது.

அந்த உரிமையின் அருமை தூத்துக்குடிக்குத் தெரியும். 7ஆம் தளத்தைக் கண்டெய்னர் முனையமாக நடத்த 1998இல் ஒரு சிங்கப்பூர்க் கூட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் உரிமத்தொகை அதில் இருந்தது. பெட்டிக்கு என்ன கட்டணம் வாங்கலாம் என்பதை வேறொரு மத்தியக் கட்டண ஆணையம் சொன்னது. உரிமத்தொகையைச் செலவாக ஏற்க அது மறுத்தது. மேலே ஏறும் தொகைக்கும் கீழே இறங்கும் கட்டணத்துக்கும் நடுவில் முனையம் நசுங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 ஜூலையில் துறைமுகத்துக்குச் சாதகமாக முடிந்தது. வென்றது துறைமுகம் என்றாலும், நாட்டின் தென்கோடியில் கண்டெய்னர் தொழில் வளர வேண்டிய ஆண்டுகளில் பாதி இந்த வழக்கில் போனது.

பழைய வரலாற்றை இங்கே நீட்ட விருப்பமில்லை. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொழும்புக்கு ஓட்டியது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாத ஒன்று, அவருடைய சண்டையின் இயல்பு. கப்பல் வாங்குவதைவிடக் கடினமாக இருந்தது, ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியபோது ரயில்வேயும் நிர்வாகமும் யார் பக்கம் நின்றன என்பதுதான். துறைமுகத்தின் தலைவிதியைக் கடல் தீர்மானிப்பதில்லை, கரையில் இருக்கும் அலுவலகங்கள் தீர்மானிக்கின்றன என்பதை அவர் சிறைக்குப் போய்க் கற்றார். 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979இல் பழைய சிறு துறைமுகமும் புதியதும் ஒன்றாயின. 2011இல் அவர் பெயர் வைத்தார்கள்.

இன்று ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாளும் இடம் இது. அதில் கணிசமான பங்கு அனல் மின் நிலையங்களுக்கு வரும் நிலக்கரி. காற்றாலை இறக்கைகள், உப்பு, கிரானைட், மரத்தடி, முந்திரி, பஞ்சு என்று மீதி. கண்டெய்னர்கள் ஆண்டுக்கு ஏழு, எட்டு லட்சம். அவற்றில் நிறையப் பெட்டிகள் சிறு கப்பலில் ஏறிக் கொழும்புக்குப் போய், அங்கே தாய்க் கப்பலுக்கு மாறி, பிறகுதான் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகின்றன. இந்தியாவின் மாற்றுச் சரக்கில் முக்கால் பங்கு வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் கப்பல் மாறுகிறது என்று மத்திய அரசே சொல்லி வந்திருக்கிறது. கொழும்பின் மாற்றுச் சரக்கில் பெரும்பங்கு நம்முடையது. 2024இல் செங்கடல் வழி அடைபட்டுக் கொழும்பில் நெரிசல் வந்தபோது, தூத்துக்குடியில் பெட்டிகள் காத்துக் கிடந்தன. தாமதக் கட்டணம் யார் கணக்கில் விழுந்தது என்று ஏற்றுமதியாளரைக் கேட்டால் சொல்வார்.

இதற்கு மருந்தாகத்தான் வெளித்துறைமுகம். 2013-14 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் 7,500 கோடி ரூபாயில் அதை அறிவித்தார். 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் மோடி தூத்துக்குடிக்கு வந்து, சுமார் 7,000 கோடி மதிப்பில் அடிக்கல் நாட்டினார். அறிவிப்புக்கும் அடிக்கல்லுக்கும் நடுவில் பதினோரு ஆண்டுகள். அக்கரையில் கொழும்போ தன் தெற்கு முனையத்தை நிரப்பி, மேற்கு முனையத்தைக் கட்டி, 2025 ஏப்ரலில் ஓட்டவும் தொடங்கிவிட்டது. அந்த மேற்கு முனையத்தில் 51 விழுக்காடு அதானி குழுமத்துடையது. அதே குழுமம் நடத்தும் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் 2024 ஜூலையில் முதல் தாய்க் கப்பல் வந்து நின்றது. 2025 மே 2 அன்று பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். விழிஞ்ஞத்தில் கரையை ஒட்டியே கடல் 18 மீட்டருக்கு மேல் ஆழம். தூத்துக்குடியில் 2024 செப்டம்பரில் திறந்த புதிய கண்டெய்னர் முனையத்துக்குக்கூட மிதவை ஆழம் 14.20 மீட்டர். அதையும் பாறையைக் குடைந்துதான் பெற வேண்டியிருந்தது.

விழிஞ்ஞத்துக்கு, திட்டம் கட்டுபடியாகாத இடைவெளியை நிரப்பும் நிதியாக மத்திய அரசு ஒதுக்கிய 817.80 கோடியை வருவாய்ப் பங்காகத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை வந்தபோது, கேரள முதல்வர் தூத்துக்குடியைக் காட்டி முறையிட்டார்: அங்கே இந்த நிபந்தனை இல்லையே? கேள்வி நியாயமானதுதான். பதிலும் எளிது. தூத்துக்குடி டெல்லியின் சொத்து, விழிஞ்ஞம் கேரளத்தின் சொத்து. இரண்டு அண்டை மாநிலங்கள் நாட்டின் தென்கோடியில் ஒரே பெட்டிக்காகப் போட்டியிடும்போது நடுவர் ஒரு பக்கத்தில் உரிமையாளராகவும் இருக்கிறார். தமிழ்நாட்டில் இருக்கிற நமக்கு இது லாபம் போலத் தோன்றும். மத்திய அரசுக்கு மகாராஷ்டிரத்தில் வாத்வண் துறைமுகமும் வேண்டும், பெரிய நிக்கோபாரில் கலாத்தியா துறைமுகமும் வேண்டும் என்னும்போது லாபம் எத்தனை நாள் நிற்கும் என்பது வேறு விஷயம்.

என் தீர்ப்பு இதுதான்: வெளித்துறைமுகம் வேண்டும், ஆனால் அது முதல் கோரிக்கை அல்ல. கொழும்பை ஆழத்தில் முந்துவதைவிட, சரக்கு தூத்துக்குடிக்குத் தடையில்லாமல் வந்து சேர்வதும், வந்த சரக்கின் மீது டெல்லி அடிக்கடி விளையாடாமல் இருப்பதும் முன்னால் வர வேண்டியவை. சேதுசமுத்திரக் கால்வாயை நினைத்துக்கொள்ளலாம். 2005 ஜூலை 2 அன்று மதுரையில் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார், மதிப்பு 2,427 கோடி. பொறுப்பு தூத்துக்குடித் துறைமுகத்தின் தலையில். 2007இல் உச்ச நீதிமன்றத் தடை, அதன்பின் டெல்லியில் ஆட்சி மாற மாற நிலைப்பாடும் மாறியது. தூர்வாரிய மண்ணும் செலவழித்த கோடிகளும் கடலடியில். பெரிய திட்டத்தை மட்டும் நம்பியிருந்த துறைமுகத்துக்கு இருபது ஆண்டுகளில் கிடைத்தது அவ்வளவுதான்.

சரக்கின் மீது டெல்லி விளையாடுவது என்றால் என்ன? சின்ன வெங்காயத்தைப் பார்ப்போம். ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் விளைகிற சின்ன வெங்காயத்துக்கு இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று சொந்தச் சந்தை உண்டு. வட இந்தியச் சமையலறையில் அதற்கு வேலையே இல்லை. ஆனால் 2023 ஆகஸ்டில் நாசிக் பெரிய வெங்காயத்தை மனதில் வைத்து 40 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டபோதும், டிசம்பரில் தடையே விதித்தபோதும் சின்ன வெங்காயம் தனியாகப் பிரிக்கப்படவில்லை. 2024 மே மாதம் தடை நீங்கியது, வரி நீடித்தது. 2025 ஏப்ரல் 1 அன்றுதான் வரி முழுதாகப் போனது. சின்ன வெங்காயத்துக்குத் தனிச் சுங்கக் குறியீடு கொடுங்கள் என்று இங்கே உள்ளவர்கள் கேட்டு வந்திருக்கிறார்கள். ஒரு குறியீட்டுக்கு எந்த அடிக்கல்லும் வேண்டாம், ஒரு கோடி ரூபாயும் வேண்டாம்.

டெல்லிக்கு மனமிருந்தால் நுணுக்கமாகவும் முடிவெடுக்கத் தெரியும் என்பதற்கு மாலத்தீவு சாட்சி. 2024இல் வெங்காயம், அரிசி, கோதுமை மாவு, முட்டை, ஆற்று மணல் என்று அந்த நாட்டுக்கு மட்டும் அளவு நிர்ணயித்து அனுமதி கொடுத்தார்கள். அவை போக வேண்டிய நான்கு வழிகளில் ஒன்றாகத் தூத்துக்குடியையும் குறித்தார்கள். பழைய துறைமுகத்துத் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கு ஓடுவது பல தலைமுறைப் பிழைப்பு. அண்டை நாட்டு உறவுக்காக எழுத முடிந்த உத்தரவை உள்ளூர் விவசாயிக்காக எழுத முடியாதா என்று கேட்பது தப்பில்லை.

கோவில்பட்டி, கழுகுமலை, சாத்தூர் வட்டாரத் தீப்பெட்டித் தொழிலின் கதை கொஞ்சம் ஆறுதலானது. சீன பிளாஸ்டிக் லைட்டர்கள் இருபது தீப்பெட்டியின் வேலையைச் செய்து சந்தையைப் பிடித்தன. 2022 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் டெல்லிக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் இறுதியில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்யக் கூடாது என்று வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம் உத்தரவிட்டது. அதோடு முடியவில்லை. அறிவித்த சரக்கு ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு என்று லைட்டரும் சீனப் பட்டாசும் இதே தூத்துக்குடியில் வருவாய்ப் புலனாய்வுத் துறையிடம் பிடிபட்ட செய்திகள் வந்துகொண்டே இருந்தன. தடை என்பது காகிதம், அதைக் காப்பது சோதனை செய்யும் கண்ணும் கருவியும். 2020 முதல் சுங்க மதிப்பீடு முகமற்றதாகிவிட்டது. தூத்துக்குடியில் இறங்கும் சரக்கின் பத்திரத்தை வேறொரு நகரத்து அதிகாரி கணினியில் பார்க்கலாம். நேர்மைக்கு அது நல்லது. உள்ளூர்ச் சரக்கைக் கண்டறியும் கைப்பழக்கத்துக்கு நல்லதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆய்வுக் கருவிகளைக் கூட்டுவதும், தாவர நோய்த்தடுப்பு நிலையம், உணவுப் பாதுகாப்பு ஆய்வகம் ஆகியவற்றில் ஆள் எண்ணிக்கையை உயர்த்துவதும் பட்டியலின் மேல்வரிசையில் நிற்க வேண்டியவை. பயறும் பஞ்சும் மரத்தடியும் வரும் இடத்தில் ஒரு சான்று ஒரு நாள் தாமதித்தால் வாடகை ஒரு நாள் ஏறும்.

பயறு என்றதும் இன்னொன்று. சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசலில் மழையை நம்பி உளுந்தும் பாசியும் விதைப்பார்கள். 2021 மே மாதம் உளுந்தையும் துவரையையும் பாசியையும் தடையின்றி இறக்குமதி செய்யலாம் என்று ஆக்கி, அதை ஆண்டுக்காண்டு நீட்டித்தார்கள். பாசிக்கு மட்டும் 2022இல் பழைய கட்டுப்பாடு திரும்பியது. நகரத்து இட்லிக்கு விலை ஏறக்கூடாது என்பது புரிகிறது. இங்கே அறுவடை தை மாசி என்றால், நீட்டிப்பு உத்தரவும் பெரும்பாலும் அதை ஒட்டியே வருகிறது. துறைமுகத்துக்கு இறக்குமதி வருமானம், கரிசல்காரனுக்கு விலை வீழ்ச்சி. துறைமுகத்தின் நலனும் அதன் பின்னால் இருக்கும் நிலத்தின் நலனும் ஒன்றே என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். விதைக்கும் முன்பே அந்த ஆண்டின் இறக்குமதிக் கொள்கையை அறிவித்துவிட்டால், எதை விதைப்பது என்ற முடிவாவது விவசாயி கையில் இருக்கும்.

பாதைக்கு வருவோம். சங்கரன்கோவிலிலிருந்து சரக்கு லாரி கழுகுமலை வழியாகக் கோவில்பட்டி போய், எட்டயபுரம் பக்கம் மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் ஏற வேண்டும். கோவில்பட்டி வரை மாநிலச் சாலை, ஊர்களை ஊடுருவிப் போவது. 2025 ஜூலை 26 அன்று துறைமுகச் சாலையின் 5.16 கிலோமீட்டர் ஆறுவழியாகத் திறக்கப்பட்டது. செலவு சுமார் 200 கோடி. துறைமுக வாசலில் ஆறு வழி, சரக்கு புறப்படும் ஊரில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் தேடும் சாலை. மத்தியப் பணம் தேசிய நெடுஞ்சாலைக்கும் துறைமுக வாசலுக்கும் வருகிறது, இடையில் உள்ள முப்பது நாற்பது கிலோமீட்டர் மாநிலத்தின் கணக்கு. இந்த இடைவெளிச் சாலைகளுக்கு இரு அரசும் சேர்ந்து பணம் போட வழி செய்வதைத் துறைமுகமே கேட்கலாம், சரக்கு அதனுடையதுதானே.

ரயில் நிலைமை இதைவிட மோசம். சங்கரன்கோவில் விருதுநகர்–தென்காசிப் பாதையில் இருக்கிறது, பொதிகை வண்டி நிற்கிறது. ஆனால் தூத்துக்குடிக்கு ரயிலில் போக வடக்கே விருதுநகர் சென்று திரும்ப வேண்டும், அல்லது தெற்கே தென்காசி, திருநெல்வேலி என்று சுற்ற வேண்டும். இரண்டிலும் வாஞ்சி மணியாச்சி வந்துதான் கடல் பக்கம் திரும்பும். மதுரை–தூத்துக்குடி இரட்டைப் பாதை முடிந்தது நல்ல காரியம். அருப்புக்கோட்டை வழியாக மதுரையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் 143 கிலோமீட்டர்ப் புதிய பாதையோ, ஒரு துண்டு மட்டும் முடிந்து கிடக்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக்கு வந்த ரயில்வே அமைச்சர், மாநில அரசு வேண்டாம் என்றதால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது என்பது போலப் பேசினார். மாநில அரசு மறுத்தது. இரைச்சலில் தனுஷ்கோடியும் தூத்துக்குடியும் காதில் குழம்பிவிட்டன என்று பிறகு ரயில்வே விளக்கியது. சிரிக்கலாம். ஆனால் ஒரு பெருந்துறைமுகத்தின் ரயில் பாதை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதிலேயே இரு அரசுகளும் முரண்பட்டது சிரிப்பில் மறையக் கூடாது.

பயணிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல இருக்கிறது, ஏனென்றால் நடந்ததே சுருக்கம். சென்னையிலிருந்து ரயிலில் தூத்துக்குடி வந்து கப்பலேறிக் கொழும்பு போன காலம் 1914இல் பாம்பன் பாலம் திறந்ததோடு தனுஷ்கோடிக்கு மாறியது. 1964 புயலும் பிறகு இலங்கைப் போரும் கடல் வழியை முடித்தன. 2011 ஜூன் 13 அன்று தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கப்பலை அன்றைய கப்பல் துறை அமைச்சர் ஜி.கே. வாசன் தொடங்கி வைத்தார். அந்த நவம்பரிலேயே நின்றுவிட்டது. ஓர் இரவுக் கடல் பயணத்துக்கு அவ்வளவு பெரிய கப்பல், விமானத்தோடு போட்டியிட முடியாத கட்டணம், நிரம்பாத இருக்கைகள். 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியது. சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மறுபடி வந்தது. தூரம் குறைவு, கப்பல் சிறியது, அரசின் கை தாங்குகிறது, அதனால் ஓடுகிறது. தூத்துக்குடிக்கு மறுபடி பயணிகள் கப்பல் கேட்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். பயணிகளை மட்டும் நம்பினால் 2011தான் திரும்பும். லாரியும் சரக்கும் ஆளும் ஒரே கப்பலில் ஏறும் சேவை என்றால் யோசிக்கலாம்.

சங்கரன்கோவில்காரருக்குப் பயணம் என்றால் வளைகுடா. அதற்குத் திருவனந்தபுரம் அல்லது மதுரை. தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. சுமார் 450 கோடி, ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டது. பெரிய விமானம் இறங்கலாம், ஆனால் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற உள்நாட்டு விமானங்கள்தான் இறங்குகின்றன. மதுரையிலிருந்தோ வெளிநாட்டுக்கு விமானம் உண்டு, நிலையம் 24 மணி நேரமும் இயங்குகிறது; இருந்தும் இருநாட்டு விமான ஒப்பந்தங்கள் பலவற்றில் அதன் பெயர் இல்லாததால் வெளிநாட்டு நிறுவனங்கள் பல விரும்பினாலும் வர வழியில்லை. ஒப்பந்தம் போடுவது டெல்லி. மீனும் பூவும் வளைகுடாவுக்குப் பறக்க வேண்டிய மாவட்டங்களுக்கு இது வெறும் பயணிகள் பிரச்சினையும் அல்ல. சங்கரன்கோவில் சந்தைப் பூ திருவனந்தபுரம் வழியாகப் போனால் அந்த ஏற்றுமதி கேரளத்தின் கணக்கில் ஏறும், நம் விமான நிலையத்துக்குச் சரக்கு இல்லை என்று டெல்லி சொல்லும்.

மன்னார் வளைகுடாவை மறந்துவிட்டுப் பட்டியல் எழுத முடியாது. 21 தீவுகள் கொண்ட கடல் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடித் தீவுக் கூட்டம் துறைமுகத்தின் வாசலிலேயே இருக்கிறது. நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் ஏற்கனவே கடலுக்குள் நிற்கின்றன. வெளித்துறைமுகத்தில் மீனவர் இழக்கும் கடல் எவ்வளவு, அதற்கு என்ன ஈடு என்பதைச் சுற்றுச்சூழல் அனுமதித் தாளில் மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. பசுமை ஹைட்ரஜன் மையம் என்று காண்ட்லா, பாராதீப்போடு தூத்துக்குடியையும் தேர்ந்தெடுத்து, 2025 செப்டம்பர் 5 அன்று ஒரு சோதனை ஆலையும் திறந்தார்கள். பசுமை என்ற பெயருக்கு அந்த ஆலை போதாது, நிலக்கரி இறங்கும் தளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் சன்னலைத் திறக்க முடிகிறதா என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் புதிய இந்தியத் துறைமுகச் சட்டத்தை நிறைவேற்றி 1908ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றியது. கடல்சார் மாநில வளர்ச்சிக் குழுவுக்கு அது சட்டத் தகுதி கொடுத்தது. மாநிலங்களின் சிறு துறைமுகங்கள் மீதும் டெல்லியின் பிடி இறுகும் என்று எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனாலும் மத்திய மாநில அமைச்சர்கள் ஒரே மேசையில் உட்கார ஓர் இடம் சட்டத்தில் வந்துவிட்டது. தமிழ்நாடு அங்கே தூத்துக்குடிக்காகக் கேட்க வேண்டியவை, இத்தனையும் பார்த்தபின், என் வரிசையில் இப்படி நிற்கும்: பஞ்சு, பயறு, வெங்காயம் மூன்றுக்கும் பருவத்துக்கு முன்பே அறிவித்து ஓராண்டாவது மாறாத வரிக் கொள்கை; சுங்கம், தாவர நோய்த்தடுப்பு, உணவு ஆய்வு ஆகியவற்றுக்குப் போதிய ஆட்கள்; உள்ளூர்களைத் துறைமுகத்தோடு சேர்க்கும் இடைவெளிச் சாலைகளும் அருப்புக்கோட்டை ரயில் பாதையும்; மதுரைக்கு விமான ஒப்பந்தங்களில் இடம். இவற்றுக்குப் பிறகு வெளித்துறைமுகம்.

இதைக் கேட்பதற்கு வாரியத்துக்குள்ளேயே ஒரு குரலும் வேண்டும். பாதுகாப்புத் துறைக்கு அங்கே நாற்காலி இருக்கிறது, நூல் வாங்குகிறவருக்கும் வெங்காயம் விற்கிறவருக்கும் தோணி ஓட்டுகிறவருக்கும் இல்லை. சுயேச்சை உறுப்பினர் இடங்களில் ஒன்றை இந்தப் பகுதி வணிகர், உற்பத்தியாளர் சங்கங்களிலிருந்து ஒருவருக்குக் கொடுக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை, ஒரு நியமன உத்தரவு போதும். தென்காசி, விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலித் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் நால்வரும் கட்சி வேற்றுமையை ஒதுக்கிவிட்டு ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு, அடுத்த நியமனத்துக்கு முன்பு அதைக் கப்பல் துறை அமைச்சரிடம் கொடுக்க வேண்டும்.